மேலிடத்தில் ஒரு கால்

நுரிலாவைப் பயந்தாங்கொள்ளி என்று அந்த மேய்ச்சல் மேட்டில் யாரும் சொல்ல மாட்டார்கள். கூடாரத்துப் பக்கம் ஓநாய் வந்த ஒரு சாயங்காலம், கரண்டியும் சட்டியுமாக வெளியே ஓடிப்போய்த் தட்டியே அதை விரட்டியவள். ஆம்பிளைகளே கிட்டப் போகத் தயங்குகிற முதல் ஈற்றுக் குதிரைகளைக் கழுத்தில் தட்டி நிறுத்தி, ஒற்றை முழங்காலில் உட்கார்ந்து பால் கறந்துவிடுவாள். அப்படிப்பட்டவள் அந்த ஜூன் மாதம் ஒரு கம்பளிச் சாக்ஸைக் கழற்றிப் பார்க்கப் பயந்துகொண்டு கிடந்தாள். சாக்ஸுக்குள் இருந்தது அவளுடைய சொந்த வலது கால்தான்.

அந்தக் காலை உடைத்ததும் ஒரு முதல் ஈற்றுக் குதிரைதான். குட்டியை ஊட்டவிட்டு, இழுத்துப் பக்கத்தில் நிறுத்தி, வாளியை மடியில் ஏந்திக் கறந்துகொண்டிருந்தாள். குட்டி கயிற்றை இழுத்தது. தாய்க்குதிரை நகர்ந்து நுரிலாவின் பாதத்தின் மேல் குளம்பை வைத்தது. வைத்ததோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை, வைத்தபடியே நின்று சாவகாசமாக யோசித்தது. வாளியில் இருந்த பால் கொட்டிவிடக் கூடாது என்று நுரிலாவும் அசையாமல் இருந்து தொலைத்தாள். குமிஸுக்காகப் புளிக்கவைக்கிற பால் அது. அதைக் கொட்டினால் மாமனார் ஒன்றும் சொல்ல மாட்டார், இருமுவார். அந்த இருமலுக்குத்தான் அவளுக்குப் பயம்.

பக்கத்துக் கூடாரத்து ஜீப்பில் கீழே டவுனுக்குக் கொண்டுபோனார்கள். பாதத்தில் மூன்று எலும்பு முறிந்திருந்தது. முழங்காலுக்குக் கீழே மாவுக்கட்டுப் போட்ட டாக்டரம்மா, கையைக் கழுவிக்கொண்டே இரண்டு விஷயம் சொன்னாள். காலை எப்போதும் தலையணை மேல் தூக்கியே வைத்திருக்க வேண்டும், தொங்கவிட்டால் உள்ளே வீங்கும், கட்டு இறுகும். விரல் நீலமானாலோ, சில்லிட்டாலோ, மரத்தாலோ, ஒரு நாள்கூடப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே வர வேண்டும்.

"புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது டாக்டர்."

புரியத்தான் செய்தது. ஆனால் டாக்டரம்மா வீட்டில் கட்டிலும் நாற்காலியும் இருந்திருக்கும். நுரிலா இருந்தது வட்டமான கம்பளிக் கூடாரத்தில். வட்டத்துக்குள் ஒரு மருமகள் காலை எந்தப் பக்கம் நீட்டுவாள்? வாசலுக்கு நேர் எதிரே மேலிடம். கனத்த போர்வைகளான ரஜாய்களை அடுக்கிவைத்து, அதற்கு முன்னால் மாமனார் உட்காரும் இடம், அந்தப் பக்கம் காலை நீட்ட நினைப்பதே பாவம். நடுவில் விரிப்பு, அதில் ரொட்டி. ரொட்டியைப் பார்த்துக் காலை நீட்டுகிறவளை வீட்டுப் பெண் என்று சொல்ல மாட்டார்கள். இன்னொரு பக்கம் அடுப்பு. மிச்சம் இருப்பது வாசல், வாசலைப் பார்த்துக் காலை நீட்டிக் கிடப்பது சவம். ஆக, கிர்கிஸ் கூடாரத்தில் உடைந்த காலுக்கென்று ஒரு திசை கிடையாது. யார் கண்டார்கள், அந்தக் காலத்தில் யாருக்கும் கால் உடையவே இல்லையோ என்னவோ.

மாமனார் பெயர் அப்தில்தா. இந்தப் பெயரை நுரிலா கல்யாணமாகிவந்த நாளிலிருந்து ஒருமுறைகூட வாயால் சொன்னதில்லை, மருமகள் சொல்லக் கூடாது. நாம் சொல்லலாம், நமக்கு அவர் மாமனார் இல்லை. கெட்ட மனிதர் அல்ல. பேச்சு குறைவு. உள்ளே வருவதற்கு முன் வெளியில் நின்று ஒரு இருமல் இருமுவார், மருமகள் தலைத்துணியைச் சரிசெய்து கொள்ளட்டும் என்று. தலை திறந்தோ வெறுங்காலோடோ அவர் முன்னால் அவள் நின்றதே இல்லை. அவளுடைய கால் விரல்கள் எப்படி இருக்கும் என்று அந்த வீட்டில் இரண்டு பேருக்குத்தான் தெரியும், அவளுக்கும் அவள் புருஷன் எர்மெக்குக்கும்.

மற்ற கூடாரங்களில் இதெல்லாம் எப்போதோ தளர்ந்துவிட்டது. இங்கே தளரவில்லை. மாமியார் இருந்தவரை, நேருக்கு நேர் பேசிக்கொள்ளாத மாமனாருக்கும் மருமகளுக்கும் நடுவில் பேச்சைக் கொண்டுபோய்க் கொண்டுவருவது அவள் வேலை. அவள் போனபிறகு அந்த வேலை நாய்க்கு வந்தது. மார்பில் வெள்ளை விழுந்த பெரிய மேய்ச்சல் நாய், பெயர் அக்தோஷ்.

"அக்தோஷ், டீ ஆறிப்போச்சுடா" என்பார் மாமனார்.

"சூடு பண்ணிக்கிட்டிருக்கேன்னு சொல்லு அக்தோஷ்" என்பாள் நுரிலா.

நாய் இருவரையும் பார்த்துவிட்டுக் கொட்டாவி விடும். ஊரில் எத்தனையோ மொழிபெயர்ப்பாளர்கள் இதைவிட மோசமாக வேலை செய்கிறார்கள்.

மாவுக்கட்டோடு வந்த அன்றைக்கே நுரிலா செய்த முதல் காரியம், விரல்களை மூடுகிற மாதிரி ஒரு சாக்ஸ் பின்னியதுதான். கட்டின் முனையில் ஐந்து விரலும் வெட்டவெளியாகத் தெரிந்துகொண்டிருந்தன. ஒட்டக ரோமத்தில், ஓரத்துக்குச் சிவப்பு நூல் வைத்துப் பின்னி மாட்டியதும்தான் அவளுக்கு மூச்சு வந்தது. பிறகு எப்போதும் போலக் கெட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, காலை மடக்கிப் பாவாடைக்குள் விட்டுக்கொண்டு டீ ஊற்றினாள். மாமனார் வெளியே போனதும் ரஜாய் அடுக்கின்மேல் காலைத் தூக்கிவைப்பாள். வெளியில் இருமல் கேட்டதும் இறக்கிவிடுவாள். மருமகள் முடியாமல் கிடக்கிறாளே என்று அவர் வழக்கத்தைவிட அடிக்கடி எட்டிப் பார்க்க வந்தார். அவர் அக்கறைப்பட்ட ஒவ்வொரு முறையும் கால் கீழே இறங்கியது.

"அக்தோஷ், காலைத் தூக்கி வைக்கணும்னு டாக்டரம்மா சொன்னாங்களாமே."

"வச்சுக்கிட்டுதான் இருக்கேன்னு சொல்லுடா."

இதற்கிடையில் குதிரைக் கூட்டம் ஒன்று கணவாயைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விட்டதாகத் தகவல் வந்தது. எர்மெக் தேடிப்போக வேண்டும், திரும்ப நாலைந்து நாளாகும். பிள்ளைகள் இரண்டும் கீழே நுரிலாவின் அம்மா வீட்டில் இருந்தன. சேணத்தை மாட்டிவிட்டு எர்மெக் உள்ளே வந்து மனைவியின் பக்கத்தில் குந்தினான்.

"ஒண்ணுமில்லையே? முகம் ஒரு மாதிரி இருக்கே."

"ஒண்ணுமில்லங்க. போயிட்டு வாங்க."

ஒன்றுமில்லாமல் இல்லை. அப்போதே கட்டுக்குள் கால் திணறத் தொடங்கியிருந்தது, யாரோ கயிறு போட்டு முறுக்குகிற மாதிரி. ஆனால் எலும்பு முறிந்தால் வலிக்கத்தானே செய்யும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். போகாதே என்று அவனைத் தடுத்தால் குதிரைகள் போய்விடும், காரணம் கேட்டால் மாமனார் காதில் விழும். குதிரையின் குளம்புச் சத்தம் தேய்ந்து மறையும்வரை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பால் கறக்க ஓடைக்கு அந்தப் பக்கக் கூடாரத்திலிருந்து பேகிமை அக்கா வந்துபோய்க்கொண்டிருந்தாள். ஜீப்பு அவர்களுடையதுதான். பேகிமைக்கு நல்ல மனசு, ஆனால் வாயில் பூட்டு கிடையாது. காலையில் அவள் காதில் போட்ட விஷயம் மத்தியானத்துக்குள் மலை முழுக்கக் குமிஸ் குடித்துவிடும்.

"உன் குதிரைங்க எம் முதுகை ஒடிச்சிருச்சுடி. பேசாம என் காலையும் ஒண்ணு மிதிச்சிருந்தா நானும் உன்னை மாதிரி ராணியா உக்காந்திருப்பேன்."

"வாங்க, மாத்திக்கலாம்."

"அந்தச் சாக்ஸைக் கழட்டு, விரலைப் பாப்போம். டாக்டர் பாக்கச் சொன்னாங்கன்னு எர்மெக் சொன்னான்."

"வேணாங்க்கா. குளிருது."

"ஜூன் மாசத்துல குளிருதாம். ஓரத்துக்குச் சிவப்பு நூல் வேற. காலைப் பொண்ணு பாக்க வர்றாங்களா?"

நுரிலா சிரித்துவைத்தாள். உள்ளுக்குள், இந்தப் பாவி பலவந்தமாகப் பிடித்து இழுத்துக் கழற்றிவிடக் கூடாதா என்று இருந்தது. தானாகக் கழற்ற அவளுக்குத் துணிவில்லை. பார்க்காதவரை அது வெறும் வலி. பார்த்துவிட்டால் அதற்கு ஒரு பெயர் வந்துவிடும்.

அந்தப் பெயர் என்னவென்று அவளுக்குத் தெரியும். பிறந்த ஊரில் சுரோன்பாய் என்று ஒருவர் இருந்தார், வலது கால் இல்லாதவர். பனியில் மாட்டிக் கால் போயிற்று. நுரிலா சின்னப் பெண்ணாகப் பால் கொடுக்கப் போகும்போது, அவர் வீட்டுக் கதவுக்குப் பின்னால் வரிசையாகப் பூட்ஸ்கள் இருக்கும். எல்லாமே வலது கால் பூட்ஸ், எல்லாமே புத்தம்புதுசு. கடையில் ஜோடியாகத்தானே விற்பார்கள். இடது பூட்ஸ் தேயத்தேய, காலே காணாத வலது பூட்ஸ்கள் அங்கே சேர்ந்துகொண்டே போயின. அந்த வரிசையைத் தாண்டிப் போக அவளுக்கு நடுங்கும். பிள்ளைகள் கேட்டால் சுரோன்பாய் கதை சொல்லுவார்: "மொதல்ல ரொம்ப வலிச்சுது. அப்புறம் வலி நின்னுருச்சு. ஆகா, சரியாப்போச்சுன்னு நெனச்சேன்." இதைச் சொல்லிவிட்டு அவர் சிரிப்பார், வேறு யாருக்கும் சிரிப்பு வராது.

அன்றைக்குச் சாயங்காலம் மலைமேல் கனமழை. மறுநாள் காலை பேகிமை வரவில்லை. ஓடை பெருகிக் கற்களை உருட்டிக்கொண்டு போகிற சத்தம் கூடாரத்துக்குள்ளேயே கேட்டது. கறக்க ஆள் இல்லை என்பதால் மாமனார் குட்டிகளை அவிழ்த்துத் தாய்களோடு விட்டுவிட்டு, பட்டியில் நிறுத்திவைத்திருந்த கொஞ்சம் ஆடுகளுக்கு மயிர் வெட்டப் போனார். மற்ற ஆடுகளோடு அக்தோஷ் மேட்டுக்குப் போயிருந்தது. நுரிலா அடுப்பில் வறட்டியைத் தள்ளிவிட்டுக் கெட்டிலை வைத்தாள். வைத்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் கவனித்தாள், கால் வலிக்கவில்லை.

ஒரு நிமிஷம் சந்தோஷமாகத்தான் இருந்தது. அடுத்த நிமிஷம் சுரோன்பாயின் சிரிப்பு ஞாபகத்துக்கு வந்தது.

சாக்ஸை எப்படிக் கழற்றினாள் என்று அவளுக்கு நினைவில்லை. விரல்கள் கத்திரிக்காய் நிறத்தில் இருந்தன. உப்பி, பளபளவென்று, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு. தொட்டாள், சில்லென்றிருந்தது. கம்பளி தைக்கிற ஊசியை எடுத்துப் பெருவிரலில் குத்தினாள். ஒன்றும் இல்லை. இன்னும் கொஞ்சம் அழுத்திக் குத்தினாள். வேறு யாருடைய விரலையோ குத்துகிற மாதிரி இருந்தது. சுண்டுவிரலைக் குத்தியபோது துளி ரத்தம் வந்தது, அதுவும் கறுப்பாக வந்தது. ஊசி கீழே விழுந்தது, அதைத் தேடக்கூடத் தோன்றவில்லை.

ஊன்றுகோலில் வாசல்வரை நொண்டிப் போய்ப் பேகிமையைக் கூப்பிட்டாள். ஓடை இரைச்சலில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. அக்கரையில் புகை தெரிந்தது, ஆள் தெரியவில்லை. போனுக்கு சிக்னல் கிடைக்கிற குன்றும் அக்கரையில்தான். இந்தக் கரையில் ஆடுகளும் மாமனாரும்தான் இருந்தார்கள்.

காலைப் பாவாடைக்குள் இழுத்துக்கொண்டு அவள் உட்கார்ந்தபோது வெளியில் இருமல் கேட்டது. மாமனார் வந்தார், மேலிடத்தில் உட்கார்ந்தார், ரொட்டியைப் பிய்த்தார். டீ வரவில்லை. வழக்கம்போல் நாயைத் தேடினார். நாய் இல்லை. அடுப்பைப் பார்த்து, "டீ..." என்று ஆரம்பித்து, மேலே யாரிடம் சொல்வதென்று தெரியாமல் நிறுத்திக்கொண்டார்.

"அத்தா" என்றாள் நுரிலா.

அவர் ரொட்டியைக் கையில் வைத்தபடியே இருந்தார்.

"அத்தா, என் காலு செத்துப்போச்சு."

கெட்டில் கொதித்து மூடி தட்டிக்கொண்டிருந்தது. யாரும் எடுக்கவில்லை.

"காட்டு" என்றார்.

அவளால் முடியவில்லை. உயிர் போகிற பயத்திலும் அவளுடைய கை பாவாடை ஓரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது, விடு என்றால் விடவில்லை. கிழவர் எழுந்து மேலிடத்திலிருந்து இறங்கி வந்து, அவள் முன்னால் தரையில் உட்கார்ந்து, ஆட்டுக்குட்டியின் வாயிலிருந்து துணியை எடுக்கிற மாதிரி அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார். பாவாடையை விலக்கிப் பார்த்தார். அவர் முகம் வெளுத்துப்போனது. அவர் பயந்து அவள் பார்த்ததே இல்லை. விரல்களைப் பார்த்ததைவிட அந்த முகத்தைப் பார்த்ததுதான் அவளுக்குக் கிலியாக இருந்தது.

"எப்பலேருந்து?"

"இறுக்கம் அவர் போறதுக்கு முந்தியே. வலி இன்னிக்குத்தான் நின்னுச்சு."

"ஏன் சொல்லல?"

அவருக்கும் பதில் தெரிந்துதான் இருந்தது.

"நானும் கேக்கலையே" என்றார். "பாத்துக்கிட்டுதான் இருந்தேன். சாக்ஸு நாளுக்கு நாள் புடைச்சுக்கிட்டே போச்சு. எர்மெக் வரட்டும்னு இருந்துட்டேன். மருமக காலை நான் எப்படிக் கேக்குறதுன்னு இருந்துட்டேன்."

வெளியே போய் ஓடையைப் பார்த்துவிட்டு வந்தார். குதிரையின் வயிறு முங்குகிற தண்ணீர், அடியில் உருளுகிற கல். இறங்கினால் குதிரையும் மிஞ்சாது. மழையோடு பனியும் உருகி வருகிற தண்ணீர், இரவில் குளிர்ந்து வடிய மறுநாள் காலையாகும். அவர் மறுபடி வெளியே போனார். திரும்பி வந்தபோது ஒரு கையில் கத்தி, மறு கையில் ஆட்டு மயிர் வெட்டுகிற பெரிய கத்தரி. கத்தரியின் நுனியில் மயிரும் ஈர ரத்தமும் ஒட்டியிருந்தன.

அந்தக் கத்தரியை நுரிலாவுக்கு நன்றாகத் தெரியும். அந்த மலையிலேயே மோசமாக மயிர் வெட்டுகிறவர் அவள் மாமனார்தான். அவர் கையில் சிக்கிய ஆடு எலி கடித்த கம்பளம் மாதிரிதான் வெளியே வரும், உடம்பில் நாலு இடத்தில் தோல் பிய்ந்திருக்கும். மாமியார் சாம்பல் கிண்ணத்தோடு பின்னாலேயே போய்க் காயத்தில் அப்பிக்கொண்டு வருவாள். அவள் போனபிறகு அந்தக் கிண்ணம் நுரிலாவின் கைக்கு வந்திருந்தது.

"வேணாம் அத்தா. காலைல தண்ணி வடிஞ்சுரும். ஆஸ்பத்திரிக்கே போயிரலாம்."

"காலைல போலாம். வெரல் அதுவரைக்கும் நிக்காது."

"கட்டைப் பிரிச்சா எலும்பு நகந்துரும்னாங்க."

"நகரட்டும். எலும்பைத் திரும்ப வச்சுக்கலாம்."

"ஆட்டையே உங்களுக்கு ஒழுங்கா வெட்டத் தெரியாது அத்தா."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. கிழவர் கத்தரியைப் பாவாடை ஓரத்தில், மருமகளின் பாவாடை ஓரத்தில், துடைத்தார்.

"தெரியாதுதான். ஆடு துள்ளும். நீ துள்ளாத."

கத்தரியையும் கத்தியையும் கொதிக்கிற தண்ணீரில் முக்கி எடுத்தார். சம்மணம் போட்டு உட்கார்ந்து, உடைந்த காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். நுரிலா கண்ணை மூடிக்கொண்டாள். மாமனார் மடியில் தன் வெறுங்கால் இருக்கிறது என்பதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை, அதனால் கத்தரியை மட்டும் நினைத்துக்கொண்டாள். ஆறிய தண்ணீரைக் கட்டின் மேல் கோடு மாதிரி ஊற்றி, மாவு ஊறியதும் கத்தியால் கீறினார். மறுபடி ஊற்றினார், மறுபடி கீறினார். பஞ்சு தெரிந்தபிறகு கத்தரியின் கீழ் அலகை விரல் பக்கமாக உள்ளே செருகினார். இரும்பு பாதத்தின் மேல் ஊர்ந்துவருவது கணுக்கால் வந்தபிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. அதுவரை வந்தது தெரியவே இல்லை.

கணுக்கால் வளைவில் கத்தரி மாட்டிக்கொண்டது. கிழவர் மூச்சை அடக்கிக்கொண்டு அழுத்தினார். அப்போது அவருக்கு இருமல் வந்தது. தொண்டைக்குள் அது ஏறுவது அவளுக்குக் கேட்டது, கத்தரி நடுங்குவதும் தெரிந்தது. ஆண்டவனே, இப்போது வேண்டாம் என்று பல்லைக் கடித்தாள். அவர் கத்தரியை விட்டுவிட்டு முகத்தைத் திருப்பி, கண்ணில் தண்ணீர் வரும்வரை இருமித் தீர்த்துவிட்டு, மறுபடி பிடித்தார். ஒரே அழுத்து. என்னவோ சூடாக அவள் காலில் வழிந்தது.

"என்ன அத்தா அது?"

"தண்ணிதான்." பிறகு, "கொஞ்சம் ரத்தமும்தான்" என்றார்.

முழங்கால்வரை வெட்டி முடித்து, இரண்டு கையாலும் பிடித்துக் கட்டை விரித்தார். காய்ந்த மாவு முறிந்தது. உள்ளிருந்த துணியையும் பஞ்சையும் கிழித்தார். அடைபட்டுக் கிடந்த கால் வெளியே பிதுங்கியது, பஞ்சின் வரிகள் தோலில் பள்ளம் பள்ளமாகப் பதிந்திருந்தன. அது ஒரு மனுஷிக்குச் சொந்தமான கால் என்றே சொல்ல முடியாது.

காலை உயர்த்திவைக்க வேண்டும். ரஜாய் அடுக்கு மேலிடத்தில் இருந்தது. கிழவர் யோசிக்கவே இல்லை. அவள் உட்கார்ந்திருந்த கம்பளத்தைப் பிடித்துத் தரதரவென்று மேலிடத்துக்கு இழுத்துக்கொண்டு போய், காலைப் பாதிக் கட்டோடு அடுக்கின்மேல் ஏற்றிவைத்தார். தனக்கு உட்கார இடம் இல்லாமல் வாசலோரம் போய் உட்கார்ந்தார். இரண்டு பேரும் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. அந்த நேரத்தில் நுரிலா மனசுக்குள் ஒரு கதவைத் திறந்து, தன்னுடைய வலது கால் பூட்ஸ்களை ஒவ்வொன்றாக வரிசையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

பிறகு பெருவிரலில் ஊசி குத்தியது. அப்புறம் நெருப்பு. நெருப்பு விரல் விரலாகப் பரவி, பாதம் முழுக்க ஏறி, கணுக்காலைப் பிடித்தபோது அவள் தலைத்துணி முனையை வாயில் திணித்துக்கொண்டாள். மாமனார் முன்னால் கத்தக் கூடாது.

"கத்து" என்றார் அவர்.

அவள் மாட்டேன் என்று தலையாட்டினாள்.

"நல்லாக் கத்தும்மா. வலி வந்தா உசுரு வந்துருச்சுன்னு அர்த்தம். யாருக்குக் கேக்கப்போவுது, எனக்கும் ஆட்டுக்கும்தான."

அவள் கத்தினாள். பட்டியில் ஆடுகள் பதில் கத்தின. கத்தி ஓய்ந்தபோது அவர் கேட்டார்:

"எத்தன வெரல்ல வலிக்குது?"

ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்துவிட்டு, "நாலுல" என்றாள்.

காலையில் ஓடை வடிந்திருந்தது. வெட்டின கட்டின் இரண்டு பாதியையும் காலோடு வைத்துக் குட்டி கட்டுகிற கயிற்றால் லேசாகச் சுற்றி, தலையணையைச் சேணத்தின் முன்னால் வைத்து, அதன்மேல் காலைக் கிடத்திக் குதிரையை நடத்திக்கொண்டு கிழவர் அக்கரை சேர்ந்தார். பேகிமை ஜீப்பில் ஏறி வழி நெடுக அழுதாள், திட்டினாள், "அந்தச் சாக்ஸை நான் அன்னிக்கே பிடுங்கியிருக்கணும்" என்று தன் தலையிலேயே அடித்துக்கொண்டாள்.

டாக்டரம்மா கயிற்றை அவிழ்த்துவிட்டு வெட்டைப் பார்த்தாள். தோலில் மூன்று இடத்தில் கீறல்.

"யார் இதை வெட்டினது?"

கிழவர் தன் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆட்டுக் கத்தரி மாதிரி இருக்கு."

"ஆட்டுக் கத்தரிதான். நேத்து வெட்டினேன்" என்றார்.

"லட்சணமா இருக்கு பெரியவரே. ஆனா நேத்தே வெட்டினீங்க பாருங்க, அதனாலதான் கால் இருக்கு." பிறகு நுரிலாவின் பக்கம் திரும்பி, இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று பிடிபிடியென்று பிடித்தாள். நுரிலா எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள். சாக்ஸைப் பற்றிச் சொல்லவில்லை, சொன்னாலும் அந்த அம்மாவுக்குப் புரிந்திருக்காது.

சுண்டுவிரல் பிழைக்கவில்லை. ஒரு வாரம் வைத்துப் பார்த்துவிட்டு எடுத்துவிட்டார்கள். எலும்பைத் திரும்ப நேராக்கிப் புதுக் கட்டுப் போட்டார்கள். அந்த ஒரு வாரமும் காலைத் தொடும் ஒவ்வொரு முறையும் நுரிலாவுக்கு வியர்த்தது. மீதி நாலும் இருக்கின்றனவா என்று தூக்கத்திலும் எழுந்து எண்ணினாள்.

எர்மெக் ஆஸ்பத்திரியிலிருந்து மேய்ச்சல் மேட்டுக்கு அவளைக் கூட்டிவந்தபோது கூடாரத்துக்குள் இடம் மாறியிருந்தது. மேலிடத்தில் அவளுக்குப் படுக்கை விரித்து, ரஜாய்களை உயரமாக அடுக்கியிருந்தது. மாமனாரின் ஆட்டுத்தோல் விரிப்பு வாசலோரம், காற்றடிக்கிற இடத்தில், சின்னவர்கள் உட்காருகிற இடத்தில் கிடந்தது. நுரிலா ஊன்றுகோலோடு நிலையிலேயே நின்றாள்.

"அங்க நான் உக்காரக் கூடாது அத்தா."

"நீ எங்க உக்காரப்போற. காலுதான உக்காரப்போவுது" என்றார் கிழவர். நாய் பக்கத்திலேயே இருந்தது, அதை அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒரு மத்தியானம் மேல் மேய்ச்சலிலிருந்து கிழவரின் பழைய கூட்டாளி ஒருவர் வழியில் இறங்கி உள்ளே வந்தார். கண் இருட்டுக்குப் பழகியதும் அவர் பார்த்தது, விருந்தாளியான தான் உட்கார வேண்டிய மேலிடத்தில், ரஜாய்களின் உச்சியில், ஒரு மாவுக்கட்டும் நான்கு வெறும் விரல்களும்.

"அப்தில்தா, என்னப்பா இது அநியாயம்? நீ வாசல்ல நாய் மாதிரி உக்காந்திருக்க, மேல மருமக காலை நீட்டிக்கிட்டிருக்கா?"

நுரிலா யோசிக்கும் முன்பே இரண்டு கையாலும் காலைப் பிடித்துக் கீழே இறக்கப் போனாள், கண் சாக்ஸைத் தேடியது.

"எறக்காத" என்றார் மாமனார், அவளிடம். பிறகு விருந்தாளியிடம், "அது அங்கதான் இருக்கும். டீ வேணும்னா இப்பிடி வந்து உக்காரு, நான் ஊத்தித் தரேன்" என்றார்.

வாழ்நாளில் அவர் டீ ஊற்றியதில்லை. மரியாதைக்கு ஊற்றுகிற டீ கிண்ணத்தில் பாதிக்கும் கீழேதான் இருக்கும், திரும்பத் திரும்ப ஊற்றிக் கொடுப்பதுதான் உபசாரம். விளிம்புவரை நிரப்பினால் குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். கிழவர் விளிம்பு தாண்டித் தட்டு வரைக்கும் ஊற்றிக் கொடுத்தார். தெரியாமல் ஊற்றினாரா, தெரிந்தேவா என்று நுரிலா இன்றுவரை கேட்டதில்லை. விருந்தாளி கிண்ணத்தைப் பார்த்தார், கிழவரைப் பார்த்தார், சுடச்சுடக் குடித்துவிட்டுக் குதிரையில் ஏறிப் போனார்.

குளம்புச் சத்தம் போனபிறகு கிழவர் வாசலிலிருந்தபடியே மருமகளைப் பார்த்தார்.

"வெரலை ஆட்டு, பாப்போம்."

நுரிலா மாமனாரைப் பார்த்து நான்கு விரலையும் ஆட்டிக் காட்டினாள்.